சீம்பாலை விட்டால் குட்டி தங்காது

"தாய்க்குத்தான் பன்றிக்காய்ச்சல் ஊசி போட்டாச்சே, குட்டிக்கும் எதுக்கு சார்?" பொழிச்சலூரில் பன்றி வளர்க்கும் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

தாய்ப்பன்றியின் நோய் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியே குட்டிக்குப் போகாது, சீம்பாலில்தான் போகும். அதையும் குட்டியின் குடல் சுமார் 24 மணி நேரம்தான் உறிஞ்சும். முதல் 6 மணி நேரம் மிக முக்கியம். வயிறு நிறைந்த பெரிய குட்டிகளை ஒரு மணி நேரம் கதகதப்பான கூடையில் ஒதுக்கிவிட்டு, நோஞ்சான்களைக் குடிக்க விடுங்கள்.

தாய் தந்த பாதுகாப்பு நாளடைவில் கரைந்துவிடும். அது வலுவாக இருக்கும்போதே குட்டிக்கு ஊசி போட்டால் சரியாகப் பலிக்காது, காசுதான் வீண். ஏறக்குறைய 2 மாத வயதில், கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். தாய்க்கு இணை சேர்க்கும் முன்பே போட்டுவிட வேண்டும். காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்திலும் விசாரிக்கலாம்.