மேல்வீட்டுக் கார், கீழ்வீட்டு ஹைட்ரோ பில்

மிசிசாகாவில் பேஸ்மென்ற் வாடகைக்குப் பார்க்கப் போனால், வாடகைக்கு அடுத்தபடியாகக் காதில் விழுவது "யூட்டிலிற்றி முப்பது வீதம்" என்பதுதான். ஹைட்ரோ (மின்சாரம்), காஸ், தண்ணீர் எல்லாவற்றிலும் மேலே இருப்பவர்கள் 70 வீதம், கீழே இருப்பவர்கள் 30 வீதம். ஒரு வீடு, ஒரு மீற்றர், ஒரு பில். யார் எவ்வளவு நேரம் விளக்கு எரித்தார், யார் எத்தனை தரம் சமைத்தார் என்று எவரும் எண்ணுவதில்லை. அந்தக் கண்மதிப்புக் கணக்கு பல வருடங்கள் பெரிய பிணக்கு இல்லாமல் ஓடியது. இப்போது அதே மீற்றரில் ஒரு காரும் சேர்ந்துவிட்டது.

மின்காரா, பெற்றோல் காரா, நாளாந்தப் பாவனைக்கு எது வசதி என்று எழுதத்தான் புறப்பட்டேன். எரின் மில்ஸ், மெடோவேல், மோல்ற்றன் பக்கம் நம்மவர் வீடுகளில் பேசப் பேச, எந்தக் கார் என்பதைவிட அது இரவில் எங்கே நிற்கிறது என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது.

சொந்தக் கராஜ் உள்ளவருடைய கணக்கை முதலில் பாருங்கள். ஒன்ராறியோவில் 2023 மே 1 முதல் நள்ளிரவுக்கான மிகக் குறைந்த மின்கட்டணத் திட்டம் ஒன்று இருக்கிறது. இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணிவரை. தொடங்கியபோது யூனிற்றுக்கு 2.4 சதம். மிசிசாகாவிலிருந்து ஸ்காபரோ வேலைக்குப் போய்வர ஏறத்தாழ 100 கிலோமீற்றர், அதற்குச் சுமார் 20 யூனிற். விநியோகக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்தாலும் இரண்டு டொலரைத் தாண்டாது. அதே ஓட்டத்துக்கு 8 லீற்றர் குடிக்கிற பெற்றோல் கார், லீற்றர் 1.40 டொலர் என்று வைத்தால் 11 டொலருக்கு மேல் கேட்கும். ஒயில் மாற்றும் செலவும் மின்காருக்கு இல்லை. கராஜ் உள்ளவருக்கு இது நல்ல முடிவு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே காரை பேஸ்மென்ற்றில் இருக்கும் ஒரு தம்பி வாங்கினால் என்ன நடக்கும்? ட்றைவ்வேயில் மூன்று கார் வரிசையாக நிற்கும். விடிய ஐந்து மணிக்கு எழுந்து மாற்றி மாற்றிப் போட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். பிளக் கராஜுக்குள் இருக்கிறது, கராஜ் அவருக்கில்லை. வேலை முடிந்து, கடைத்தொகுதி வாகனத் தரிப்பிடத்தில் உள்ள வேகச் சார்ஜருக்குப் போவார். அங்கே யூனிற் 60 சதம் என்றால் 20 யூனிற்றுக்கு 12 டொலர். பெற்றோல் விலையேதான். பெற்றோல் அடிக்க ஐந்து நிமிடம் போதும். இங்கே அரைமணி நேரம் காருக்குள் இருக்க வேண்டும்.

பனிக்காலம் இந்த இடைவெளியை இன்னும் கூட்டுகிறது. பெற்றோல் எஞ்சின் வீணாக்கும் சூட்டில்தான் காரின் உட்புறம் சூடாகிறது. மின்காரில் அந்தச் சூடும் பற்றரியிலிருந்தே வரவேண்டும். கடுங்குளிரில் முப்பது வீதம்வரை ஓட்டத்தூரம் குறைந்துபோவது சாதாரணம். பிளக்கில் மாட்டியிருக்கும்போதே காரைச் சூடாக்கிவிட்டுப் புறப்பட்டால் அந்த இழப்பில் ஒரு பகுதி மிச்சம். வெளியே பிளக் இல்லாமல் நிற்கும் காருக்கு அந்த வழியில்லை. குளிர்ந்துபோன பற்றரி வேகச் சார்ஜரிலும் மெதுவாகத்தான் ஏறும்.

கொண்டோவில் இருப்பவர்களுக்கு 2018 மே மாதம் முதல் ஒரு சட்டவழி உண்டு. சார்ஜர் பூட்ட உரிமையாளர் முழுமையான விண்ணப்பம் கொடுத்தால் நிர்வாகசபை 60 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வழி உரிமையாளருக்குத்தான், அங்கே வாடகைக்கு இருப்பவருக்கு அல்ல.

இனி முதலில் சொன்ன யூட்டிலிற்றி 30 வீதத்துக்கு வருகிறேன். மேலே இருப்பவர் மின்கார் வாங்கி வீட்டிலேயே சார்ஜ் போடுகிறார். மாதம் 500 யூனிற் என்று வைப்போம். எல்லாம் சேர்த்து யூனிற் 15 சதம் என்றால் 75 டொலர். பில்லை 70க்கு 30 என்று பிரிக்கும்போது அதில் 22 டொலர் 50 சதம் கீழே இருப்பவர் தலையில் விழுகிறது. வருடத்துக்கு 270 டொலர். மேலே இரண்டு கார் என்றால் அது இரட்டிப்பாகும்.

"தம்பி, இந்த மாசம் ஹைட்ரோ கொஞ்சம் கூட வந்திட்டுது."

"ஏன் அண்ணை? நான் பகல் முழுக்க வேலையில எல்லோ நிக்கிறன்."

கதை அதோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்காரரோடு முரண்பட்டால் அடுத்த மாதம் எங்கே போவது என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது.

நள்ளிரவுத் திட்டத்துக்கு வீட்டுக்காரர் மாறினால் கார் யூனிற் மலிவாகும், உண்மைதான். ஆனால் அதே திட்டத்தில் வாரநாட்களில் மாலை 4 மணியிலிருந்து 9 மணிவரை யூனிற் விலை பல மடங்கு ஏறும். கீழே இருப்பவர் வேலையால் வந்து சோறு கறி சமைப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் அந்த நேரத்தில்தான். காருக்காக எடுத்த முடிவு அவருடைய அடுப்பைத் தொடுகிறது. அவரிடம் யாரும் கேட்பதில்லை.

பழைய வீடுகளில் இன்னொன்றும் உண்டு. 1970களில் கட்டிய பல வீடுகளில் 100 அம்பியர் பனல்தான். பேஸ்மென்ற்றுக்கு இரண்டாவது அடுப்பு பூட்டிய வீட்டில் காருக்கு 40 அம்பியர் பிரேக்கர் போட இடமிராது. அனுமதி எடுக்காமல், லைசென்ஸ் இல்லாதவரைக் கொண்டு இழுத்த வயரின் கீழேதான் ஒரு குடும்பம் நித்திரை கொள்கிறது. இதில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது.

"கீழே நாள் முழுக்க ஹீற்றர் எரியுது, அதில 70 வீதம் நாங்கள்தானே கட்டுறம்" என்று ஒரு வீட்டுக்கார அக்கா சொன்னார். அதிலும் ஞாயம் உண்டு. ஆனால் ஹீற்றர் இருவருக்கும் பொது, கார் ஒருவருடையது.

தீர்வு கடினமில்லை. இன்றைய வீட்டுச் சார்ஜர்கள் பலவற்றின் செயலியில், இல்லாவிட்டால் காரின் செயலியிலேனும், மாதம் எத்தனை யூனிற் ஏறியது என்று பார்க்கலாம். பில்லைப் பிரிக்கும் முன் அந்த யூனிற்றைக் கழித்துவிடுங்கள். கட்டணத் திட்டத்தை மாற்றுவதானால் கீழே சொல்லிவிட்டு மாற்றுங்கள். கீழே இருப்பவர் மின்கார் வாங்க விரும்பினால், ஓர் எலக்ரீசியனைக் கொண்டு ட்றைவ்வேப் பக்கம் 120 வோல்ற் பிளக் ஒன்று தனி பிரேக்கரில் போட்டுக்கொடுத்து, யூனிற் கணக்கில் காசு வாங்குங்கள். இரவு முழுக்க மாட்டினால் கோடையில் 60 கிலோமீற்றர் ஓடலாம். மிசிசாகாவுக்குள் வேலைக்குப் போய்வர அது போதும்.

நாமும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் பேஸ்மென்ற்றில் இருந்துதான் மேலே வந்தோம். அடுத்த ஹைட்ரோ பில்லைப் பிரிக்க உட்காரும்போது காரின் யூனிற்றை முதலில் கழியுங்கள்.