கர்ப்பப்பை வாய் புற்றுநோய் யாருக்கு, எப்படி வருகிறது?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பற்றிப் பேச்சு வந்தது. "அதெல்லாம் நடத்தை சரியில்லாதவங்களுக்கு வர்ற நோய்ங்க" என்றார் ஒரு அம்மா. பக்கத்தில் இருந்த உறுப்பினர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய அக்கா இந்த நோயில்தான் இறந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இந்த நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி. இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன். 1970களில் மற்ற விஞ்ஞானிகள் பலரும் ஹெர்பீஸ் என்ற வேறொரு கிருமியைத்தான் சந்தேகப்பட்டார்கள். இவர் புற்றுக்கட்டிகளில் அதைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. மரு உண்டாக்கும் வைரஸ் குடும்பத்தில் தேட வேண்டும் என்றார். யாரும் பெரிசா எடுத்துக்கல. அவரும் விடவில்லை. 1983-ல் அந்தக் குடும்பத்தின் 16-ம் எண் வைரஸையும், அடுத்த வருடம் 18-ம் எண் வைரஸையும் அவரது குழு கட்டிகளிலிருந்து பிரித்தெடுத்தது. உலகத்தில் நூறு பெண்களுக்கு இந்த நோய் வந்தால் சுமார் 70 பேருக்கு இந்த இரண்டும்தான் காரணம்.

கட்டிக்குள் வைரஸ் இருந்தால் அதுதான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியுமா? சும்மா வந்து தங்கியும் இருக்கலாமே! இதைப் புரிந்துகொள்ள நம்ம தீர்மான நோட்டை நினைத்துப் பாருங்கள்.

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது (கையில வச்சிருக்கிற செல் இல்லைங்க!). ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்று ஒரு தீர்மான நோட்டு உண்டு. நோட்டு பெட்டியை விட்டு வெளியே வராது. வேலை நடக்க, வேண்டிய தீர்மானத்துக்கு மட்டும் நகல் எடுத்து அனுப்பப்படும். நாம் வங்கிக்குத் தீர்மான நகல் கொடுப்பது போலத்தான். அந்த நகலின் பெயர் ஆர்.என்.ஏ.

1985-ல் அதே குழுவைச் சேர்ந்த எலிசபெத் ஷ்வார்ஸ் என்ற பெண் விஞ்ஞானியும் மற்றவர்களும் புற்றுநோய் செல்களில் இந்த நகல்களைத் தேடினார்கள். வைரஸ் தன்னுடைய பக்கத்தை நம்ம நோட்டுக்குள்ளேயே ஒட்டிவைத்திருந்தது. அதில் ஈ6, ஈ7 என்ற இரண்டு தீர்மானங்களுக்கு விடாமல் நகல் போய்க்கொண்டிருந்தது. செல் அளவுக்கு மீறிப் பெருகாமல் பார்த்துக்கொள்ள நமக்குள் இரண்டு காவலாளிகள் உண்டு. ஈ6 ஒருவரை ஒழித்துவிடுகிறது, ஈ7 மற்றவரைக் கட்டிப்போடுகிறது. இது பிறகு தெரியவந்தது. ஆக, வைரஸ் சும்மா தங்கியிருக்கவில்லை.

அன்று சோதித்த செல்களில் ஒரு வகை, 1951-ல் இதே நோயில் இறந்த ஹென்ரியட்டா லேக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணுடையது. ஏழைக் கறுப்பினப் பெண். அவரைக் கேட்காமலே எடுத்தார்கள். அவரால் எத்தனையோ பெண்கள் பிழைத்திருக்கிறார்கள், ஆனாலும் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2023-ல் காலமானார். தான் பிரித்தெடுத்த வைரஸ் மாதிரிகளை அவர் பூட்டி வைக்காமல் மற்ற விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார். இந்தக் கண்டுபிடிப்பை வைத்துத்தான் 2006-ல் தடுப்பூசி வந்தது. 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போடுவது நல்லது.

இப்போது அந்த அம்மாவின் பேச்சுக்கு வருவோம். இந்தக் கிருமி உடலுறவு மூலம் பரவுகிறது, உண்மைதான். ஆனால் வாழ்நாளில் ஒரு தடவையாவது இது தொற்றாதவர்கள் குறைவு. ஆண்களிடமும் இருக்கும், வெளியே தெரியாது. கணவரோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். சிலருக்குத்தான் தங்குகிறது. அது புற்றாக மாற பத்து, பதினைந்து வருடம்கூட ஆகலாம்.

அதற்குள் கண்டுபிடித்தால் பிழைத்துக்கொள்ளலாம். இதை நிரூபித்துக் காட்டியது நம்ம திண்டுக்கல் மாவட்டம். 2000-ம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகளே கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற திரவத்தைத் தடவிப் பார்த்தார்கள். கோளாறு உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். பரிசோதனைக்கு அழைத்த ஊர்களில், மற்ற ஊர்களைவிட இந்த நோயால் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. ஆனால் அழைத்த 49 ஆயிரம் பேரில் வந்தவர்கள் 31 ஆயிரம் பேர்தான். மீதிப் பேர் ஏன் வரல? நாம எல்லாரும் சொல்ற காரணங்கள்தான் இருந்திருக்கும்: வெட்கம், வேலை, "எனக்கு ஒன்னும் இல்ல".

ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். தனியாகப் போகத் தயங்குபவர்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள், சேர்ந்தே போகலாம். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலோ, வெள்ளைப்படுதலில் நாற்றம் இருந்தாலோ முகாம் வரட்டும் என்று இருக்காதீர்கள், உடனே டாக்டரைப் பாருங்கள்.