இழுக்கிற வண்டி, நிறுத்துகிற வண்டி

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் பகுதியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் சென்னைக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் போக வேண்டும். பக்கத்தில் பெரிய தண்ணீர் என்றால் பாலாற்றில் அணை கட்டித் தேக்கிய பேத்தமங்கலம் ஏரிதான். ஆனாலும் அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் வெகுநேரம் படகுப் பேச்சு நடந்தது. பேசியவர் இங்குள்ள பெமல் கனரக வண்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அழைத்தவன் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருக்கும் அவருடைய தங்கை மகன்.

“மாமா, மீன்பிடிக்க ஒரு படகு வாங்கிட்டேன். இப்ப இருக்கிற கார் இழுக்காது. எந்த ஃபோர் வீல் வண்டி எடுக்கலாம்?”

“வண்டி இருக்கட்டும்பா. படகு என்ன எடை?”

“ஆயிரத்து முந்நூறு கிலோ மாமா.”

“அது விக்கிறவன் சொல்ற எடை. நீ தண்ணியில இறக்கப் போற அன்னிக்கு என்ன எடை?”

2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேலை தேடி பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். எங்கே போனாலும் வண்டி, மோட்டார், இரும்பு என்று வந்துவிட்டால் ஊருக்குத்தான் போன் செய்கிறார்கள். பாரம் தூக்கியும் இழுத்தும் நூற்றாண்டுக்கு மேல் பிழைத்த ஊர் இது. அந்த மாமா கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்கும் அடிப்படை.

அவர் போட்ட கணக்கை இங்கே விரித்துச் சொல்கிறேன். வெறும் படகு 1,300 கிலோ. பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டார் 250 கிலோ. 200 லிட்டர் பெட்ரோல் நிரப்பினால் ஏறக்குறைய 150 கிலோ. நங்கூரம், கயிறு, ஐஸ் பெட்டி, குடிதண்ணீர், பேட்டரி எல்லாம் சேர்த்து 150. ட்ரெய்லர் மட்டும் 500. மொத்தம் 2,350 கிலோ. வாங்கும்போது காதில் விழுந்த எண்ணைவிட ஒரு டன்னுக்கு மேல் கூடுதல். விளம்பரத் தாளில் வெறும் படகின் எடையைப் பார்த்து வண்டி எடுப்பவர்கள் முதலில் சறுக்குகிற இடம் இதுதான்.

அடுத்து வண்டியின் பக்கம். டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர், இசுசு டி-மேக்ஸ் போன்ற ஃபோர் வீல் பிக்கப்களுக்கு ஆஸ்திரேலியாவில் 3,500 கிலோ இழுக்கலாம் என்று போட்டு விற்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் அதோடு இன்னொரு எண்ணையும் படிக்க வேண்டும்: வண்டி, அதில் ஏறும் ஆட்கள், சாமான், ட்ரெய்லர், படகு எல்லாம் சேர்ந்து தாண்டக் கூடாத மொத்த எடை. அது 5,900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 3,500 கிலோவைப் பின்னால் கட்டினால் வண்டிக்கு மிஞ்சுவது 2,400. வண்டியே 2,100 கிலோ இருக்கும். மீதி 300 கிலோவுக்குள் குடும்பம், டீசல், தூண்டில், சாப்பாட்டுக் கூடை எல்லாம் அடங்க வேண்டும். ட்ரெய்லரின் முன்மூக்கு ஹூக்கின் மேல் அழுத்தும் எடையையும் வண்டிதான் சுமக்க வேண்டும். மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஹூக்கில் இறங்கினால்தான் ட்ரெய்லர் நேராக வரும். நம் கணக்கில் அது 235 கிலோ. அதைக் குறைத்துப் படகைப் பின்பக்கம் தள்ளி வைத்தால், வேகம் ஏற ஏற ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் முன்னால் இருக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

ஆகையால் 2,350 கிலோ படகுக்கு 2,500 கிலோ இழுக்கும் வண்டி போதும் என்று நினைக்கக் கூடாது. 3,500 போட்ட வண்டிதான் நிம்மதி. ஏணிச் சட்டம் போட்ட வண்டியாகவும் இருக்க வேண்டும். நகரத்துக் கார்களில் சட்டமும் கூடும் ஒரே அமைப்பாக வருகின்றன. சொகுசுக்கு அது நல்லது. பின்னாலிருந்து இரண்டு டன் பிடித்து இழுக்கும் வேலைக்குத் தனிச் சட்டம் உள்ள வண்டியே நெடுநாள் தாங்கும்.

எஞ்சின் சக்தியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த வகை டீசல் எஞ்சின் எதுவும் இந்தப் பாரத்தை இழுத்துவிடும். கவலை நிறுத்துவதில்தான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுரங்கத்தின் ஷாஃப்ட் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்ற விண்டிங் எஞ்சினை ஓட்டியவர்கள், கேஜ் என்ற கூண்டை மேலே ஏற்றுவதைவிட ஆட்களோடு கீழே போகும் கேஜைச் சொன்ன மட்டத்தில் நிறுத்துவதற்குத்தான் பெயர் வாங்கினார்கள். ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு இறங்கும் பாரத்தில், பிரேக்கை நம்பித்தான் மனிதர்கள் கேஜில் ஏறினார்கள். படகு ட்ரெய்லரும் அப்படியே. ஆஸ்திரேலியச் சட்டப்படி ட்ரெய்லரின் பாரம் 750 கிலோவைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், அதோடு ஹூக் கழன்றால் தானாகவே பிடித்துக்கொள்ளும் அமைப்பும் வேண்டும். பெர்த்திலிருந்து அழைத்தவனிடம் மாமா இரண்டு முறை கேட்டது இதைத்தான்: “ட்ரெய்லருக்கு பிரேக் இருக்கா? வேலை செய்யுதான்னு நீயே பாத்தியா?”

ஃபோர் வீல் எதற்கு? நெடுஞ்சாலையில் படகை இழுக்க இரண்டு சக்கரம் போதும். சொல்லப்போனால் தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டவே கூடாத வண்டிகள் பல. முன்அச்சும் பின்அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்க, வளைவில் சக்கரங்கள் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால் கியர்பெட்டி முறுக்கிக்கொள்ளும். நடுவில் டிஃபரென்ஷியல் உள்ள வண்டிகளுக்கு அந்தத் தடை இல்லை. நான்கு சக்கரமும் தேவைப்படுகிற இடம், தண்ணீரிலிருந்து படகை மேலேற்றும் சரிவின் சில மீட்டர்தான்.

அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். எட்டடி நீளத்துக்கு ஓர் அடி ஏறும் சிமென்ட் சரிவு. வண்டி 2,400 கிலோ, படகும் ட்ரெய்லரும் 2,350. இரண்டும் சேர்ந்து பின்னோக்கி இழுக்கும் பாரம் ஏறக்குறைய 600 கிலோ. சரிவில் பாசி, அதன்மேல் உப்புத் தண்ணீர். சக்கரம் தன்மேல் இருக்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஹூக் எடையும் சேர்ந்த பின்அச்சில் 1,600 கிலோ இருக்கும்போது கிடைக்கும் பிடிப்பு 530 கிலோ சொச்சம். 600க்குப் போதாது. டயர் சுற்றும், வண்டி கடலைப் பார்த்து நழுவும். நான்கு சக்கரமும் இழுத்தால் 870 கிலோவுக்கு மேல் பிடிப்பு கிடைக்கும், வண்டி ஏறிவிடும். இந்த வித்தியாசத்துக்குத்தான் ஃபோர் வீலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கிறோம். லோ ரேஞ்ச் கியர் இருந்தால் ஆக்சிலேட்டரை அழுத்தாமல் நடை வேகத்தில் ஏறலாம், இறங்கும்போதும் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். லோ ரேஞ்ச் இல்லாமல் நான்கு சக்கரம் மட்டும் சுற்றும் கார்களை இந்த வேலைக்கு நான் சொல்ல மாட்டேன்.

இந்தியாவில் தனியார் படகு ட்ரெய்லர்கள் அரிது. வண்டிக்குக் குறையில்லை. ஃபார்ச்சூனர், 2022ல் இங்கே வந்த ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ், முன்னும் பின்னும் டிஃபரென்ஷியல் லாக் உள்ள ஃபோர்ஸ் குர்கா எல்லாம் ஏணிச் சட்டமும் லோ ரேஞ்சும் உள்ளவை. ஆனால் வெளிநாட்டில் அதே பெயர் வண்டிக்குச் சொன்ன இழுவை எண்ணை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே விற்கும் வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

நம் கடற்கரையில் படகு இழுப்பது டிராக்டர். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகின. கட்டுமரத்தை நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். ஃபைபர் படகு அதற்கு மசியாது. சென்னை நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும் டிராக்டர் மணலில் இறங்கி, கயிறு கட்டிப் படகை மேடேற்றுகிறது. பெரிய பின்சக்கரமும் தாழ்ந்த கியரும் மணலைக் கவ்விக்கொள்ளும். புயல் எச்சரிக்கை வந்தால் அந்த டிராக்டருக்கு ஓய்வே இல்லை.

படகை இழுக்காமல் சுமந்தும் போகலாம். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். 600க்கும் மேற்பட்ட படகுகள், 4,000க்கும் மேற்பட்ட மீனவர்கள். அவர்கள் காப்பாற்றிய உயிர்கள் 65,000 என்று அரசு கணக்குச் சொன்னது. ஒரு படகுகூட ட்ரெய்லருக்காகக் காத்திருக்கவில்லை. அவசரம் என்றால் படகைச் சுமந்து செல்வதே விரைவு என்பதை அந்த மக்கள் யாரும் சொல்லித் தராமலே செய்து காட்டினார்கள். அதை எப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ராணுவமும் இதே வழியைத்தான் பிடித்தது. 1964ல் தொடங்கிய பெமல், 1986ல் செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்படி வந்த எட்டுச் சக்கர லாரிகள் மிதவைப் பாலத்தின் துண்டுகளைச் சுமக்கின்றன. ஒவ்வொரு துண்டும் மடித்து வைத்த இரும்புப் படகு. லாரி பின்னோக்கி ஆற்றோரம் வந்து அதைத் தண்ணீரில் தள்ளும், தண்ணீரில் அது விரியும், வீரர்கள் ஒன்றோடொன்று பூட்டுவார்கள். டாட்ராவில் ஏணிச் சட்டத்துக்குப் பதில் நடுவே ஒரே தடித்த குழாய். அதன் இரு பக்கமும் அச்சுகள் தனித்தனியே ஏறி இறங்கும். டாட்ராவின் பொறியாளர் ஹான்ஸ் லெட்விங்கா 1923ல் ஒரு சின்னக் காருக்காக உருவாக்கிய அமைப்பு. ஆற்றங்கரைப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலும் மேலே உள்ள பாரம் முறுக்கிக்கொள்ளாது. பெமல் நகரில் வளர்ந்தவர்களுக்குத் தெருவில் கேட்டுப் பழகிய பெயர் டாட்ரா.

பெர்த்துக்காரனுக்கு டாட்ரா தேவையில்லை. மாமா கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: “எந்த வண்டி எடுத்தாலும், உப்புத் தண்ணியில இறங்கி வந்த அன்னிக்கே ட்ரெய்லர் பிரேக்கையும் வீல் பேரிங்கையும் நல்ல தண்ணி விட்டுக் கழுவு. அதுக்கு முன்னாடி, பெட்ரோல் நிரப்பி, சாமான் எல்லாம் ஏத்தி, ட்ரெய்லரை யாரோட வண்டியிலயாவது கட்டி எடைமேடைக்கு ஒரு தடவை இழுத்துட்டுப் போய்ட்டு வா. அந்தச் சீட்டுல என்ன வருதோ அதை எனக்கு அனுப்பு. அப்புறம் வண்டியைப் பத்திப் பேசலாம்.”