காசு கொடுத்து வாங்கிய ஆட்டம் காணாமற் போகலாமா?

டி.வி.யில் கேசட் செருகி விளையாடிய காலம் பலருக்கு நினைவிருக்கும். தொப்பியும் மீசையுமாகத் தாவித் தாவி ஓடுவானே மேரியோ, அவன் ஆடும் ஆட்டத்துக்கு 'பிளாட்பாரம் கேம்' என்று பெயர். ரயில் பிளாட்பாரம் அல்ல. மேடைக்கு மேடை தாவுவதால் வந்த பெயர்!

ஜப்பானின் நின்டென்டோ கம்பெனி 1985-ல் வெளியிட்ட 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பல மடங்கு பெரியது.

அந்தப் பழைய பாணிக்கு இன்றும் மவுசு உண்டு. டைசுகே அமாயா என்ற ஜப்பானியர், ஓய்வு நேரத்தில் ஐந்தாண்டு தனியாளாக உழைத்து 'கேவ் ஸ்டோரி'யை உருவாக்கி, 2004-ல் இலவசமாகவே கொடுத்தார். 2008-ல் காப்காம் கம்பெனியும் 'மெகா மேன் 9'-ஐ வேண்டுமென்றே பழைய கேசட் ஆட்டம் போலச் செய்தது.

கடையை மூடினார்கள்

இவ்விரண்டும் நின்டென்டோவின் 'வீ' பெட்டிக்கும் வந்தன. கேசட் இல்லை, டிஸ்க் இல்லை, டவுன்லோடு மட்டுமே. 2019 ஜனவரி 30-ல் அந்தக் கடை மூடப்பட்டது. புகழ் பெற்ற இவை வேறு பெட்டிகளுக்கு மாறிப் பிழைத்தன. எல்லா ஆட்டங்களுக்கும் அந்த யோகம் இல்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் விற்பனையில் இல்லை என்று 2023-ல் ஓர் ஆய்வு கூறியது.

ஆட்டத்தை மட்டும் வைத்திருந்தால் போதுமா? மீட்டர் கேஜ் பெட்டி இருந்தும் மீட்டர் கேஜ் லைன் இல்லையென்றால் ஓடுமா? 'வீ'யில் வாங்கிய ஆட்டம் அந்த ஒரு பெட்டிக்கே கட்டுப்பட்டது. கார்டில் நகலெடுத்து இன்னொரு பெட்டியில் போட்டால் ஓடாது.

குதிரைப் பெயர் திறந்த பூட்டு

இந்தப் பூட்டை 2008-ல் சில ஆர்வலர்கள் திறந்தார்கள். 'செல்டா' ஆட்டத்தில் வரும் குதிரைக்கு அளவுக்கு மீறி நீண்ட பெயரை எழுதிய கோப்பை ஊட்டினார்கள். பெட்டி தடுமாறியது, அந்த இடைவெளியில் தங்கள் புரோகிராமை ஓட்டிவிட்டார்கள்! இப்படி மாற்றிய பெட்டிகளிலிருந்துதான் கடையில் கிடைக்காத ஆட்டங்களை நகலெடுத்துப் பாதுகாக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, முறையாகப் பெற்ற கம்ப்யூட்டர் புரோகிராம் அழியாதிருக்கத் தற்காலிகப் பாதுகாப்பு நகல் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. 2012-ல் சேர்ந்த 65-ஏ பிரிவோ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறை என்கிறது.

ஆகவே வாங்கியதைக் காப்பது வேறு. ஆயிரக்கணக்கான ஆட்டங்களை அடைத்துப் பெட்டி விற்பது வேறு. மலிவு என்று பிள்ளைகள் கேட்டாலும், பின்னதற்குச் சம்பளப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை: கடையை மூடும்போது, வாங்கியவன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு மூடுவதே நியாயம்.