கத்தரிக்கோலும் மனச்சாட்சியும்

சென்ற ஆண்டு எங்கள் பங்கிலே நடந்த ஒரு நிகழ்ச்சியோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பங்களின் இசைவைப் பெற்ற பின்னரே எழுதுகிறேன். பெயர்கள் நமக்குத் தேவையில்லை.

கல்லறைத் தோட்டத்தின் சுற்றுச்சுவர் மழையில் இடிந்து விழுந்திருந்தது. அதைக் கட்டப் பணம் திரட்டும் வகை பற்றி ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு மக்கள் கூடிப் பேசினோம். தலைக்கட்டு வரி போடலாம் என்றனர் பலர். அப்போது பெரியவர் ஒருவர் எழுந்தார். "அன்றாடக் கூலிக்குப் போகிற வீட்டாரிடமும் வரி வாங்குவதாக இருந்தால் நான் ஒரு காசும் தரமாட்டேன். வரி வேண்டாமென்று முடிவு செய்யுங்கள், பாதிச் செலவு என்னுடையது" என்றார். கூட்டம் மகிழ்ந்து கலைந்தது.

அக்கூட்டத்தைத் தன் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன். அவனுடைய பள்ளியிலே படம் எடுக்கவும், எடுத்ததை வெட்டி ஒட்டித் தொகுக்கவும் கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருந்தனர். புதிதாகக் கற்ற வித்தை கையில் சும்மா இருக்குமா? முக்கால் மணி நேரக் கூட்டத்தை அன்றிரவே ஒரு நிமிடமாகச் சுருக்கினான். பெரியவர் பேச்சில் எஞ்சியது, "நான் ஒரு காசும் தரமாட்டேன்" என்ற சொற்கள் மட்டுமே. அதை அடுத்து இடிந்த சுவரைக் காட்டினான். அதற்கும் அடுத்து, கண்ணைத் துடைத்துக்கொள்ளும் ஒரு கைம்பெண்ணின் முகத்தைக் காட்டினான். அந்த அம்மாள் அழுதது உண்மை. ஆனால் அவர் அழுதது, கூட்டத்தின் தொடக்கத்தில் தம் கணவரின் கல்லறையைப் பற்றிப் பேசியபோது! பெரியவருக்கும் அக்கண்ணீருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

படம் இளைஞர் குழுவுக்குப் போயிற்று. விடிவதற்குள் ஊர் முழுவதும் சுற்றிவிட்டது. கூட்டத்திற்கு வராதவர்களே ஊரில் மிகுதி. பெரியவரின் மகனும் மற்றொரு வீட்டாரும் தேநீர்க் கடை வாசலில் கைகலக்கும் நிலை வந்தது. பெரியவரோ இரண்டு ஞாயிறு கோவிலுக்கு வரவில்லை.

பையனை அவனுடைய தாய் பங்கு இல்லத்துக்கு அழைத்து வந்தார். "சாமி, நான் பொய்யாக ஒன்றும் சேர்க்கவில்லை. அவர் சொன்ன வார்த்தைதான். அந்தப் பாட்டி அழுததும் நிஜந்தான். படம் நீளமாக இருந்தது, வெட்டினேன். பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்" என்றான். அவன் குறும்புக்காகச் செய்யவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவனுக்குத் தன் தவறு எதுவென்றே விளங்கவில்லை.

குருமடத்தில் நான் படித்த காலத்தில், நூலகத்தின் ஒரு மூலையில் அட்டை கிழிந்த ஆங்கில நூல் ஒன்று கிடைத்தது. திரைப்படக் கலை பற்றி வ்செவலோத் புதோவ்கின் என்னும் ரஷ்ய இயக்குநர் எழுதியது. அவரும் ஒரு காலத்தில் இவனைப்போல் மாணவராக இருந்தவரே. அவருடைய கதையை இவனுக்குச் சொன்னேன். நம் குடும்பங்களுக்கும் அது பயன்படும் என்று நம்புகிறேன்.

பிலிம் இல்லாத பள்ளி

உலகின் மிகப் பழமையான திரைப்படப் பள்ளி என்று கருதப்படுவது 1919ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில் தொடங்கப்பட்டது. புரட்சியை அடுத்து உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. உணவுக்கும் விறகுக்குமே பஞ்சம். அப்படியிருக்கப் படச்சுருளுக்கு எங்கே போவது? வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பிலிம் வருவது அரிதாயிற்று. திரைப்படம் கற்பிக்கும் பள்ளி இருந்தது. படம் எடுக்கப் பிலிம் இல்லை!

1920ஆம் ஆண்டில் அப்பள்ளியில் சேர்ந்தார் புதோவ்கின். அப்போது அவருக்கு வயது 27. பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வேதியியலும் பயின்றவர். முதல் உலகப் போரில் காயமுற்று, ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, ஏறத்தாழ மூன்றாண்டுகள் கைதியாக இருந்தவர். ஊர் திரும்பி ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துவந்த அவரை, அமெரிக்க இயக்குநர் கிரிஃபித்தின் 'இன்டாலரன்ஸ்' (1916) என்ற படம் இழுத்துக்கொண்டது. 'சகியாமை' என்பது அத்தலைப்பின் பொருள். பாபிலோன் நகரின் வீழ்ச்சி, ஆண்டவரின் பாடுகள், 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாட்டுச் சமயப் படுகொலை, இக்கால அமெரிக்கத் தொழிலாளி ஒருவனின் துயரம் ஆகிய நான்கு கதைகளையும் மாற்றி மாற்றி வெட்டிப் பின்னிய படம் அது.

அங்கே அவர் சேர்ந்து பயின்ற பட்டறையின் ஆசிரியர் லெவ் கூலெஷோவ். 1899இல் பிறந்தவர், மாணவரைவிட ஆறு வயது இளையவர்! பிலிம் இல்லையென்று அவர் பாடத்தை நிறுத்திவிடவில்லை. மாணவர்கள் ஒரு கதையைச் சின்னஞ்சிறு காட்சிகளாகப் பிரித்து, காமிரா பார்க்கும் அளவுக்கே ஒவ்வொன்றையும் அமைத்து, மேடையில் நடித்துக் காட்டினர். 'பிலிம் இல்லாத படங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர். மற்றொரு பாடம், பழைய படங்களின் துண்டுகளை எடுத்து வேறு வரிசையில் ஒட்டிப் பார்ப்பது.

அந்நாளில் படத்தொகுப்பு என்பது கைவேலை. படச்சுருளின் ஓர் அடி நீளத்தில் 16 சிறு படங்கள் இருக்கும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, கத்தரியால் வெட்டி, ஓரத்தைச் சுரண்டி, பசை தடவி ஒட்டவேண்டும். ஒரு வெட்டு பிழையானால் துண்டு பாழ். ஆகவே வெட்டுமுன் பலமுறை எண்ணிப் பார்க்கும் பழக்கம் தானே வந்துவிடும்.

ஒரே முகம், மூன்று பொருள்

அப்பட்டறையில் அவர்கள் செய்து பார்த்த ஒரு சோதனையைப் புதோவ்கின் எழுதியிருக்கிறார். இவான் மொசுகின் என்ற புகழ்பெற்ற நடிகரின் முகத்தை ஒரு பழைய படத்திலிருந்து எடுத்தனர். அம்முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. அதே முகத்தை மூன்று காட்சிகளோடு தனித்தனியே இணைத்தனர். முதலாவது, மேசைமேல் ஒரு கிண்ணம் சூப்பு. இரண்டாவது, சவப்பெட்டியில் ஒரு பெண்ணின் உடல். மூன்றாவது, பொம்மையோடு விளையாடும் ஒரு சிறுமி.

விவரம் அறியாதவர்களுக்கு இதைத் திரையிட்டபோது அவர்கள் நடிகரின் திறமையை வியந்தனராம். மறந்துபோன சூப்பை நோக்கும் அவருடைய சிந்தனை, இறந்தவளைக் காணும் துயரம், குழந்தையைப் பார்க்கும் புன்முறுவல் என்று மூன்று வகை உணர்ச்சிகளை அவர்கள் கண்டனர். ஆனால் மூன்று இடத்திலும் இருந்தது ஒரே முகம். உணர்ச்சி முகத்தில் இருக்கவில்லை. இரு துண்டுகளை இணைத்த பசையில் இருந்தது எனலாம்.

மற்றொரு சோதனையில் ஓர் ஆணும் பெண்ணும் மாஸ்கோ வீதிகளில் வெவ்வேறு இடங்களில் நடந்து வருகின்றனர், சந்தித்துக் கைகுலுக்குகின்றனர். அவன் கைநீட்டிக் காட்டுகிறான். தெரிவது ஒரு வெள்ளைக் கட்டடம். இருவரும் அதன் படிகளில் ஏறுகின்றனர். அக்கட்டடம் வாஷிங்டன் நகரின் வெள்ளை மாளிகை. ஓர் அமெரிக்கப் படத்திலிருந்து வெட்டியது. படிகளோ மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தின் படிகள். அந்த ஆலயத்தைப் பின்னர் 1931இல் அரசே வெடி வைத்துத் தகர்த்தது. அதே இடத்தில் மீண்டும் எழுப்பப்பட்டு 2000ஆம் ஆண்டில் அர்ச்சிக்கப்பட்டது. எந்த நாட்டிலும் இல்லாத ஓர் இடத்தைக் கத்தரியும் பசையும் மட்டுமே படைத்துவிட்டன.

துண்டுகளின் வரிசையை மாற்றினாலே பொருள் மாறும் என்பதற்குப் புதோவ்கின் ஓர் எளிய எடுத்துக்காட்டும் தருகிறார். சிரிக்கும் ஒரு முகம், நீட்டிய துப்பாக்கி, அஞ்சிய அதே முகம்: இவ்வரிசையில் பார்த்தால் அவன் கோழை. அஞ்சிய முகம், துப்பாக்கி, சிரிக்கும் முகம் என்று திருப்பி அடுக்கினால் அவனே வீரன். ஒரு துண்டுகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை!

இந்த இடத்தில் பையன் தலையைக் குனிந்துகொண்டான். தான் செய்தது எதுவென்று அவனுக்கு விளங்கிவிட்டது. கைம்பெண்ணின் கண்ணீரைப் பெரியவரின் சொல்லுக்குப் பின்னால் வைத்தபோது, அவன் ஒரு பொய்யைச் சொல்லாமலே ஒரு பொய்யைப் படைத்துவிட்டான்.

அதே கத்தரி, வேறு பணி

அப்படியானால் வெட்டி ஒட்டும் கலையே தீயதா? பிள்ளைகளிடமிருந்து கைபேசியைப் பிடுங்கிவிடலாமா? பையனின் தாய் அன்று கேட்ட கேள்வியும் இதுவே. இல்லை என்பதே என் விடை. அதற்கும் புதோவ்கினே சான்று.

1926இல் அவர் 'தாய்' என்ற படத்தை இயக்கினார். அதில் மகன் சிறையில் இருக்கிறான். மறுநாள் விடுதலை கிடைக்கும் என்ற துண்டுச் சீட்டு இரகசியமாக அவன் கைக்கு வருகிறது. அவனுடைய மகிழ்ச்சியைக் காட்டவேண்டும். நடிகரைப் பெரிதாகச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தால் பொய்யாகிவிடும் என்று கருதினார் இயக்குநர். ஆகவே அவனுடைய கைகளின் நடுக்கத்தையும், புன்னகை அரும்பும் வாயின் ஓரத்தையும் காட்டினார். அவற்றோடு இளவேனிலில் பெருகி ஓடும் ஓடையையும், நீரில் விளையாடும் ஒளியையும், குளத்துப் பறவைகளையும், சிரிக்கும் ஒரு குழந்தையையும் இணைத்தார். அவை எதுவும் சிறைக்குள் இல்லை. ஆனால் அவனுடைய உள்ளத்தில் அவ்வளவும் இருந்தன. வெறும் முகத்தால் சொல்ல முடியாத உண்மையை வெட்டும் ஒட்டும் சொல்லிவிட்டன.

அவர் வாழ்ந்த அரசு இக்கலையைத் தன் கட்சிப் பரப்புரைக்கும் பயன்படுத்திக்கொண்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவருடைய படங்களும் அதற்குத் துணைநின்றன. கருவியில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. பிடித்திருப்பவனின் மனச்சாட்சியே அதை நடத்துகிறது.

புதோவ்கின் 1950களின் தொடக்கத்தில் நம் நாட்டுக்கு வந்திருந்தார். நாட்டுப் பிரிவினையால் வீடிழந்த அகதிகளைப் பற்றி நிமாய் கோஷ் வங்காள மொழியில் இயக்கியிருந்த 'சின்னமூல்' படத்தைக் கல்கத்தாவில் கண்டு பாராட்டினார். அது ரஷ்யாவில் திரையிடப்படவும் காரணமானார். அந்த நிமாய் கோஷ்தான் பின்னர் சென்னையில் குடியேறி, 'பாதை தெரியுது பார்' (1960) என்ற தமிழ்ப் படத்தை இயக்கியவர். 1953இல் புதோவ்கின் காலமானார்.

மீண்டும் எங்கள் பங்கிலே

அன்று மாலையே பையன் பெரியவரின் பேச்சை ஒரு சொல்லும் வெட்டாமல் அதே குழுவுக்கு அனுப்பினான். பிறகு தாயோடு அவருடைய வீட்டுக்குச் சென்றான். நானும் உடன் போனேன். பெரியவர் இரு படங்களையும் கைபேசியில் பொறுமையாகப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, படம் நன்றாகத்தான் இருக்கிறது. பார்க்கும்போது, நான் இப்படிப்பட்டவன்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது" என்றார். பையன் அழுதுவிட்டான். அவர் அவனை அருகில் உட்காரவைத்துக் காப்பி கொடுக்கச் சொன்னார்.

சுவர் எழும்பிவிட்டது, பெரியவர் சொன்னபடி பாதிச் செலவை ஏற்றார். ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. முதல் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் இரண்டாவதைப் பார்க்கவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் நம்மவர் ஒருவர் இவ்வாண்டுத் திருவிழாவுக்கு வந்தபோதுகூட, "கல்லறைச் சுவருக்குக் காசு தரமாட்டேன் என்றீர்களாமே?" என்று அவரிடமே கேட்டாராம். வெட்டிய பேச்சு ஓடும் வேகத்தில் முழுப் பேச்சு ஓடுவதில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று நம் முன்னோர் சொன்னது படத்துக்கும் பொருந்தும்.

அன்பார்ந்த பெற்றோரே, இக்கலையை உங்கள் பிள்ளைகள் கற்கட்டும். கற்றவனே பிறர் செய்யும் வெட்டையும் கண்டுகொள்வான். ஆனால் அவன் ஒரு படத்தைத் தொகுத்துக் கொண்டுவந்து காட்டும்போது, "நன்றாயிருக்கிறது" என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். "இதற்கு முன்னால் என்ன இருந்தது? பின்னால் என்ன இருந்தது? எதை விட்டாய், ஏன் விட்டாய்?" என்று கேளுங்கள். பிறர் அனுப்பும் படத்தைப் பார்த்துக் கோபம் பொங்கும்போது இக்கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம். யோசித்துப் பார்த்தால் காமிரா இல்லாமலே நாம் இத்தொழிலைச் செய்து வருகிறோம். மாமியார் சொன்னதில் ஒரு துண்டு, மருமகள் சொன்னதில் ஒரு துண்டு என்று வெட்டி எடுத்து, நமக்கு ஏற்ற வரிசையில் ஒட்டி, அடுத்த வீட்டில் திரையிடுகிறோம் அல்லவா?

அந்தப் பையன் படம் எடுப்பதை விட்டுவிடவில்லை. இப்போது எங்கள் கல்லறைத் தோட்டத்தில் நெடுங்காலமாகக் குழி வெட்டிவரும் முதியவரைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். எப்போது காட்டுவாய் என்று கேட்டேன்.

"முதலில் அந்தத் தாத்தாவுக்குக் காட்ட வேண்டும், சாமி. அவர் சரியென்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு" என்றான்.