நடுச்சந்தில் நிற்பவர் எப்படி வெளியே வருவார்?

மாசி மாதம் பெரம்பலூர் பக்கம் குடோன்களில் மக்காச்சோள மூட்டை நிரம்பிக் கிடக்கும். அட்டி போட, அதாவது மூட்டைகளை அடுக்க, இடம் தீர்ந்ததும் மிச்ச மூட்டைகள் பின்கதவை ஒட்டிப் போய் உட்காரும். “நாளைக்கு லோடு ஏறிடும்” என்பார்கள். ஏறும், அடுத்த லோடு இறங்கும். பங்குனி வரைக்கும் அந்தக் கதவு திறக்காது. வரைபடத்தில் மட்டும் அது அவசர வழி.

இரும்பு ரேக் வைத்த கிடங்கில் சிக்கல் இன்னொரு படி கூடுதல். மூட்டையை ஒரு மணி நேரத்தில் நகர்த்திவிடலாம். போல்ட் போட்டு இறுக்கிய ரேக் வருஷக்கணக்கில் நிற்கும். அதை நிறுத்திய அன்றே உள்ளே தெருக்கள் போட்டாயிற்று. தீப்பிடித்தால் ஆள் ஓட வேண்டியதும் அதே தெருக்களில்தான்.

2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சரக்குக் கிடங்கில் எங்கே நின்றாலும் 30 மீட்டருக்குள் வெளியேறும் வாசல் இருக்க வேண்டும் என்கிறது. அபாயகரமான பொருள் என்றால் 22.5 மீட்டர். இது காக்கை பறக்கும் தூரமல்ல, கால் நடக்கும் தூரம். ஒரு கணக்குப் போடுவோம். 24 மீட்டர் நீள ரேக் ஒன்று சுவரில் முட்டி நிற்கிறது. சுவரோரம் ஒருவர் அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறார். கதவு அதே சுவரில், ரேக்குக்கு அந்தப் பக்கம், நேர்க்கோட்டில் 5 மீட்டர். அவர் 24 மீட்டர் வெளியே நடந்து, ரேக்கைச் சுற்றி, 24 மீட்டர் திரும்பி வர வேண்டும். ஐம்பதைத் தாண்டிவிட்டது. ரேக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் விட்டிருந்தால் ஆறேழு மீட்டரோடு முடிந்திருக்கும். ரேக்கின் ஒவ்வொரு தட்டிலும் ஒரு பேலட் இடம் போகும், அவ்வளவுதான். முதலாளிக்கு அதுவும் வலிக்கும் என்பது தெரியும்.

முட்டுச்சந்து வேண்டாம் என்பதற்குத் தூரம் மட்டும் காரணமில்லை. சந்தின் வாயில் தீ எழுந்தால் உள்ளே நிற்பவருக்கு மறுமுனை வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளி புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. கீழ்த்தட்டில் பிடித்த தீ மேல்தட்டுக்கு ஏற நிமிஷக்கணக்கு போதும். புகை கூரையைத் தொட்டுப் பரவி, பிறகு கீழே இறங்கும். உயரத்தில் மாட்டிய பச்சைப் பலகையைத்தான் அது முதலில் விழுங்கும். அதனால் இருட்டில் ஒளிரும் அம்புக்குறியை ரேக் காலின் அடியிலும் தரையிலும் ஒட்டுவது நல்லது. 550 டிகிரி செல்சியஸை ஒட்டி இரும்பு தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழக்கும். ரேக் வளைந்தால் விழுவதும் சந்துக்குள்தான்.

ஷட்டரை வெளியேறும் வழியாகக் கணக்கில் எடுக்காதீர்கள். கரண்ட் போனால் மோட்டார் ஷட்டர் நின்ற இடத்தில் நிற்கும். அதன் பக்கத்தில் ஒரு மீட்டர் அகலத்தில், வெளிப்பக்கம் திறக்கிற சின்னக் கதவு ஒன்று வேண்டும். கோட்டைக் கதவுக்குத் திட்டிவாசல் என்ற சின்னக் கதவு வைத்த ஊர்தானே இது. அந்தச் சின்னக் கதவுக்குத் திருட்டுப் பயத்தில் பூட்டுப் போடுகிறார்கள். வெளியிலிருந்து திறக்க முடியாமல், உள்ளிருந்து தள்ளினால் மட்டும் திறக்கிற தாழ் கடையில் கிடைக்கிறது.

2023 அக்டோபர் 9-ஆம் தேதி அரியலூர் மாவட்டம் விரகாலூர் பட்டாசு ஆலையில் நடந்தது வெடிவிபத்து. அங்கே ஓட நேரமே இல்லை. அதற்கான பாடம் வேறு. சரக்குக் கிடங்கில் பெரும்பாலும் சில நிமிஷங்கள் கிடைக்கும். 2022 மார்ச் 23 அதிகாலை, செகந்திராபாத் போய்குடாவில் பழைய சாமான் குடோன் எரிந்தபோது அந்த நிமிஷங்கள் இருந்தும் பயன்படவில்லை. மாடியில் தூங்கிய பீகார் தொழிலாளர்கள் 11 பேர் இறந்தார்கள். இறங்க இருந்தது ஒரே சுழல் படிக்கட்டு. அதுவும் எரிகிற சரக்கின் வழியாக. குடோனுக்குள் யாரையும் தூங்க விடக்கூடாது. லாரி டிரைவரும் கிளீனரும் மழைக்கு உள்ளே படுப்பது நம்மூரில் சர்வசாதாரணம்.

தானியக் கிடங்குக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பூச்சிக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சுவாயுவை விடும். அது தானே தீப்பிடிக்கவும் கூடும். புகையூட்டம் செய்து மூடிய அட்டியை ஒட்டி வெளியேறும் பாதை போகக்கூடாது. மாத்திரை எங்கே இருக்கிறது என்று தண்ணீர் பீய்ச்சுவதற்கு முன்பே தீயணைப்பு வீரர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

பாதை சரியா என்று பார்க்கப் பெரிய நிபுணர் வேண்டியதில்லை. ஒரு சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு, அன்றைக்குத்தான் வேலைக்கு வந்த லோடுமேனைக் கடைசிச் சந்தில் நிறுத்தி, “வெளியே வாங்கண்ணே” என்று சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். அவர் ஷட்டரை நோக்கியே வந்தால் மற்ற கதவுகள் அவர் கண்ணில் படவேயில்லை என்று அர்த்தம். வெளியே வந்தவர்கள் கூடும் இடத்தை எடைமேடைப் பக்கம் வைக்காதீர்கள், வண்டி வரும் வழி அது. 101-க்கு அழைத்த பிறகு முதலில் தேட வேண்டியது மேஸ்திரியின் கூலி நோட்டை. அன்றைக்கு உள்ளே போனவர்கள் பெயர் அதில்தான் இருக்கும். அதை உள்ளே மேஜை டிராயரில் வைக்காமல் கேட்டில் வையுங்கள்.