அறுபது வினாடி மருந்து

புதுச்சேரி வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் பேசத் தொடங்குகிறார். இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மடுகரையில் ஒரு திண்ணையில் எஃப்.எம். ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் குரல் முதலில் யாருக்குக் கேட்கும்? அதே அறையில் மூன்று மீட்டர் எதிரே இருப்பவருக்கா, திண்ணையில் இருப்பவருக்கா? திண்ணைக்காரருக்குத்தான்! ஒலி அந்த மூன்று மீட்டரைக் கடக்க வினாடியில் சுமார் நூறில் ஒரு பங்கு ஆகும். ரேடியோ அலை மடுகரைக்கு வர, வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். (நடுவில் கணினிகள் தாமதிக்காத வரை.)

புதுச்சேரியின் 102.8 மெகாஹெர்ட்ஸ் என்பது வினாடிக்குப் பத்துக் கோடியே 28 லட்சம் அதிர்வு. ஒரு அலையின் நீளம் பாதிப் புடவையைவிடக் கொஞ்சம் அதிகம். அதில் கால்பங்கு, முக்கால் மீட்டர் கம்பி இருந்தாலே அலையை நன்றாகப் பிடித்துவிடலாம். கைபேசியில் எஃப்.எம். கேட்க இயர்போன் மாட்டச் சொல்வது இதனால்தான். அந்த ஒயர்தான் ஆன்டெனா.

இதுவரை சுலபமான பகுதி. காதுக்கு வந்த செய்தி கைக்கு இறங்குவதுதான் கடினம்.

"புள்ளைக்கு வயித்தால போவுது, தண்ணி குடுக்காதே" என்கிறார் மாமியார். "போற தண்ணியத் திருப்பிக் குடுக்க வேணாமா அத்தை?" என்கிறாள் மருமகள். வானொலிக்கு ஒரு நிமிட நாடகம் எழுதச் சொன்னால் நான் இங்கேதான் தொடங்குவேன். மருமகள் பக்கம் நிற்பது குடலில் இருக்கும் ஒரு கடத்திப் புரதம், அதாவது சத்துகளைச் செல்லுக்குள் தூக்கிச் செல்லும் புரதம். உப்பும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் அது கதவைத் திறக்கும். பின்னாலேயே தண்ணீர் நுழையும். காலராவிலும் இந்தக் கதவு பழுதாவதில்லை. வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் 13.5 கிராம் குளுக்கோஸ் இருப்பது ருசிக்காக அல்ல.

1971இல் மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை நம்பி இறங்கினார். அங்கே காலராவால் 30 சதவீதம் வரை இருந்த சாவு 3.6 சதவீதமாகச் சரிந்தது. கலக்கும் முறையை எல்லைக்கு அப்பால் கொண்டுபோனவற்றில் ஒன்று, வங்கதேச விடுதலைப் போராளிகளின் ரகசிய வானொலி!

சரி, வானொலியால்தான் மாற்றம் வந்தது என்று எப்படி நிரூபிப்பது? அலைக்கு வேலி போட முடியாதே. ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் 2012 முதல் 2015 வரை நடந்த ஆய்வு இதற்கு ஓர் அழகான வழி கண்டது. அங்கே உள்ளூர் எஃப்.எம். நிலையங்களின் அலை அதிக தூரம் போகாது. மொழியும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். அந்தக் குறையே வேலி ஆனது. 14 வட்டாரங்களில் ஏழில் மட்டும் குழந்தை நலம் பற்றிய ஒரு நிமிட நாடகங்கள், நாளுக்குச் சுமார் 10 முறை. மீதி ஏழு ஒப்பிட்டுப் பார்க்க.

முதல் ஆண்டில், ஒலிபரப்பு நடந்த பகுதிகளின் சுகாதார நிலையங்களுக்கு வந்த ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை சுமார் 35 சதவீதம் கூடியது. ஆனால் நேரடிக் கணக்கெடுப்பில் குழந்தை இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. இரு பக்கமும் இறப்பு குறைந்துகொண்டிருந்தது. கைகழுவுவது போன்ற அன்றாடப் பழக்கங்களும் பெரிதாக அசையவில்லை. காய்ச்சல் வந்த அன்று ஒருமுறை எழுந்து போகவைப்பது ஒரு குரலுக்கு முடிகிறது. தினமும் சோப்பை எடுக்கவைக்க, வீட்டுக்கு வரும் ஆள்தான் வேண்டும் என்பது என் கட்சி.

குரலின் இந்தப் பலம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1998இல் வில்லியனூரை மையமாக வைத்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலை உயர முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போவதா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள்.

வீட்டில் ஓ.ஆர்.எஸ். இருந்தால் ஒன்று கவனியுங்கள். பெரிய பொட்டலத்துக்கு முழுதாக ஒரு லிட்டர் நல்ல தண்ணீர். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் கணக்கு வேண்டாம். 24 மணி நேரத்துக்குப் பிறகும் மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள். மலத்தில் ரத்தம் கண்டாலோ, குழந்தை குடிக்க முடியாமல் துவண்டாலோ, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புறப்படுங்கள்.